கம்பு தோற்ற நாள்

தோசுகே தன் குருவை ஒன்பதாயிரத்து அறுநூறு தடவை ஜெயித்திருந்தார். ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. குரோதானி மலையூரின் கம்புக் கூடத்தில் வழக்கமே அதுதான்.

இருவர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் கையில் மரவாள். மற்றவர் கையில் கம்பு. கம்பின் நீளம் நான்கடி இரண்டு அங்குலம். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. வாள் முதலில் பாயும். கம்பு முடித்துவைக்கும். இப்படிப் பன்னிரண்டு வரிசைகள் உண்டு. பன்னிரண்டிலும் கம்புதான் ஜெயிக்கும்.

கற்றுக்கொள்ள வந்தவர் கம்பைப் பிடிப்பார். கற்றுத் தேர்ந்தவர் வாளைப் பிடிப்பார். ஆகவே எப்போதும் ஜெயிப்பவர் சீடர். தோற்பவர் குரு.

ஆண்டுக்கு இருநூறு காலை பயிற்சி. மற்ற நாள்களில் பனி, அல்லது அறுவடை. ஒரு காலைக்குப் பன்னிரண்டு வரிசை. தோசுகே நான்கு ஆண்டுகளாக வருகிறார். கணக்கு அப்படி வந்தது.

குருவின் பெயர் கினு. முப்பத்து நான்கு வயதுப் பெண். தோசுகேக்கு வயது ஐம்பத்தொன்று. முப்பது வருடம் கணவாய் வழியே உப்பு மூட்டை சுமந்தவர்.

கணவாய்ப் பாதை குறுகலானது. வாள் செருகியவர் யாராவது எதிரே வந்தால், சுமைக்காரர் பாதையைவிட்டு இறங்கி, மூட்டையோடு மண்டியிட வேண்டும். அவர் கடந்து போகும்வரை தலையைத் தூக்கக் கூடாது. தோசுகே பல ஆயிரம் தடவை மண்டியிட்டவர்.

கூடத்தில் மட்டும் வழக்கம் வேறு. ஒவ்வொரு வரிசையும் தொடங்கும் முன் வாள் பிடித்தவர்தான் முதலில் தலை குனிவார். கம்பு பிடித்தவர் அதற்குப் பிறகு.

தோசுகே முன்னால் ஒருவர் முதலில் தலை குனிகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான். வேறு எதற்காகவும் அவர் அங்கே வரவில்லை.

அந்த ஆண்டு வசந்தத்தில் ஊருக்குப் புதிய அதிகாரி வந்தார். பெயர் மிசவா. இலையுதிர் காலத் திருவிழாவுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, அவருடைய வாள்வீரர் சகோன் கூடத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“அம்மணி, திருவிழாவன்று கோயில் முற்றத்தில் நீங்கள் வரிசை செய்து காட்டுவது உண்டாமே?”

“உண்டு.”

“யார் வாள்?”

“நான்.”

“கம்பு?”

“இந்த ஆண்டு தோசுகே.”

சகோன் தோசுகேயை மேலும் கீழும் பார்த்தார்.

“உப்பு மூட்டை தோசுகே. பாதையில் பார்த்திருக்கிறேன். நன்றாக மண்டியிடுவான்.”

கூடத்தில் இருந்த ஆறு சீடர்களும் அவருடைய செருப்பைப் பார்த்தார்கள்.

“அதிகாரி சொல்லி அனுப்பியிருக்கிறார்” என்றார் சகோன். “வாள் எங்களுடைய பொருள். கம்பு சுமை தூக்குகிறவர்களின் பொருள். ஊர் கூடிப் பார்க்கும் இடத்தில் வாள் பன்னிரண்டு தடவை தோற்பது நன்றாக இல்லை. இந்த ஆண்டு கம்பு தோற்க வேண்டும்.”

“பன்னிரண்டிலுமா?”

“ஒன்று போதும் என்கிறார். முதல் வரிசையில் தோற்றால் போதும். அத்துடன் நிறுத்திவிட்டு எல்லாரும் சாப்பிடப் போகலாம்.”

“இல்லையென்றால்?”

“கூடம் மூடப்படும்.”

கினு தன் மரவாளைத் துடைக்கத் தொடங்கினார். சகோனுக்கு அது வியப்பாக இருந்தது.

“உங்களைத் தோற்கச் சொல்லவில்லையே, அம்மணி. வாள் உங்கள் கையில்தானே இருக்கிறது? ஜெயிக்கச் சொல்கிறார். இதில் என்ன கஷ்டம்?”

“எனக்கு ஜெயிக்க வராது” என்றார் கினு.

“படிக்கவில்லையா?”

“படித்தேன். அது சுலபம். பதின்மூன்று வயதில் முடித்துவிட்டேன். இப்போது மறந்துபோயிற்று.”

சகோன் சிரித்தார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனார்.

அவர் போனதும் தோசுகே கினுவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“குருவே, நான் தோற்றுவிடுகிறேன்.”

“ஏன்?”

“ஒரு வரிசைதானே? ஒரு நாள்தானே? ஒரு பொய்யால் கூடம் பிழைத்துக்கொள்ளும்.”

“சரி. எழுந்து நில்லுங்கள். தோற்றுக் காட்டுங்கள்.”

தோசுகே கம்போடு நின்றார். கினு தலை குனிந்து, மரவாளை உயர்த்தி, நெற்றியை நோக்கி வெட்டினார். தோசுகேயின் இடது கால் தானாக விலகியது. கம்பின் முனை கினுவின் இரண்டு கண்களுக்கும் நடுவில் போய் நின்றது.

“ஜெயித்துவிட்டீர்கள்” என்றார் கினு.

“கை தவறிவிட்டது. இன்னொரு தடவை.”

மறுபடியும் கால் விலகியது. கம்பு கண்களுக்கு நடுவில் நின்றது.

மூன்றாவது தடவை தோசுகே பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நிற்கப் பார்த்தார். அப்போதும் அதேதான்.

கூடை முடைகிற ஹன்பேய் ஓரத்தில் இருந்து சிரித்தார். அவரும் சீடர்தான். வயதில் சிறியவர். வாய் பெரியது.

“அண்ணே, உங்கள் காலைக் கட்டிப்போடட்டுமா? நல்ல பிரம்பு இருக்கிறது.”

தோசுகே அவரை முறைத்துவிட்டுக் கினுவிடம் திரும்பினார்.

“எனக்குத் தோற்க வரவில்லை.”

“எப்படி வரும்? ஒன்பதாயிரம் தடவை ஜெயிக்கத்தானே பழகினீர்கள்?”

“ஒன்பதாயிரத்து அறுநூறு.”

“அறுநூறு. தோற்க ஒரு தடவையாவது பழகினீர்களா?”

“அப்படியானால் கற்றுக்கொடுங்கள். பத்து நாள் இருக்கிறது.”

“எனக்கு ஆறு வருடம் பிடித்தது.”

“பத்து நாளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.”

கினு எழுந்து தன் மரவாளை அவரிடம் கொடுத்தார். ஹன்பேயைக் கம்போடு எதிரே நிறுத்தினார்.

தோசுகே முதல் தடவையாக வாளைப் பிடித்தார். தலை குனிந்தார். வெட்டினார். ஹன்பேயின் கம்பு அவர் கண்களுக்கு நடுவில் வந்து நின்றது. தோற்றவருக்கான வழக்கப்படி தோசுகே ஐந்து காலடி பின்னால் நடந்து, தரையில் கீறிய தன் கோட்டில் போய் நின்றார்.

“தோற்றுவிட்டேன். சரியா?”

“வெட்டு சரி” என்றார் கினு. “நடந்தது தவறு.”

“நடந்ததிலா? பின்னால் நடப்பதில் என்ன தவறு வரும்?”

“நாலாவது காலடியில் ஹன்பேயை மனத்துக்குள் ஒரு அடி அடித்தீர்கள்.”

ஹன்பேய் கம்பைக் கீழே வைத்துவிட்டு, “எங்கே அடித்தார், குருவே? தலையிலா, முதுகிலா?” என்று கேட்டார்.

“காதின் மேல்” என்றார் தோசுகே.

எல்லாரும் சிரித்தார்கள். கினு சிரிக்கவில்லை.

“வெட்டுவது ஒரு மாத வேலை. அந்த ஐந்து காலடிக்குத்தான் ஆறு வருடம். எந்த முகத்தோடு போனீர்களோ அதே முகத்தோடு திரும்பி வர வேண்டும். கோபம் வந்தால் அடுத்த வெட்டு கனத்துவிடும். பயம் வந்தால் அடுத்த வெட்டு மெலிந்துவிடும். இரண்டாலும் எதிரே நிற்பவர் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.”

பத்து நாள் தோசுகே வாளைப் பிடித்தார். நாளுக்குப் பன்னிரண்டு என்று, ஹன்பேயிடம் நூற்றிருபது தடவை தோற்றார். ஹன்பேய்க்கு அது மிகவும் பிடித்திருந்தது. சந்தையில் எல்லாரிடமும் சொன்னார்.

பத்தாவது நாள் தோசுகே கேட்டார்.

“நூற்றிருபதில் ஒன்றாவது தேறுமா?”

“ஒன்று தேறும். நாலாவது நாள், கடைசி வரிசை.”

“அன்று நான் என்ன செய்தேன்?”

“அன்று உங்களுக்கு வயிற்றுவலி. கோபப்பட நேரமில்லை.”

தோசுகே வாளைக் கீழே வைத்தார்.

“குருவே, ஒரு யோசனை. நாளைக்கு நான் வாளைப் பிடிக்கிறேன். நீங்கள் கம்பைப் பிடியுங்கள். உங்களுக்குத் தோற்கத் தெரியும். இந்த ஊரில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு தடவை தோற்றுக் காட்டுங்கள். யாருக்கும் சந்தேகம் வராது.”

“மாட்டேன்.”

“பதினைந்து வருடமாக நாள்தோறும் தோற்கிறீர்களே! ஆறு பேருக்கு ஒரு காலையில் எழுபத்திரண்டு தடவை. நான் கூட்டிப் பார்த்தேன். இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் வருகிறது. இன்னும் ஒன்று கூடினால் என்ன?”

“கற்றுக்கொள்ள வந்தவரிடம் தோற்பேன். அதிகாரியை வரச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கம்பைப் பிடிக்கட்டும். நாளைக் காலையே அவரிடமும் பன்னிரண்டு தடவை தோற்கிறேன்.”

“கூடத்தை மூடிவிடுவார்கள்.”

“மூடட்டும்.”

தோசுகேக்குக் கோபம் வந்தது. நான்கு வருடத்தில் முதல் தடவையாகக் குருவிடம் குரலை உயர்த்தினார்.

“உங்களுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள்! நீங்கள் இந்த ஊரைவிட்டுப் போனாலும் குருதான். நான் வாசலைத் தாண்டினால் மூட்டை. இந்தப் பலகைத் தரையில் நிற்கும்போதுதான் நான் ஆள். இது போனால் எனக்கு என்ன இருக்கிறது?”

கினு தரையில் இருந்த மரவாளை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

“அப்படியானால் நாளை நீங்கள் தோற்றுவிடுங்கள்” என்றார். “நான் தடுக்கமாட்டேன். அதற்காக உங்களை வெறுக்கவும் மாட்டேன். ஆனால் வாள் எப்போதும் வருவதுபோலத்தான் வரும்.”

“நான் விலகாவிட்டால் மண்டை உடையும்.”

“உடையும்.”

“கொஞ்சம் மெதுவாக…”

“அது எனக்கு வராது, தோசுகே.”

திருவிழா நாள். காலை வெயில் கோயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் பாயில் அதிகாரி மிசவா, கையில் விசிறியோடு. அவர் பின்னால் வாள் செருகியவர்கள் பதினான்கு பேர். எதிர்ப் பக்கம் தரையில் ஊர். முன்வரிசையில் கணவாய்ச் சுமைக்காரர்கள்.

தோசுகே தலையில் துணியை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார். ஹன்பேய் காதருகில் வந்தார்.

“கூடை ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், அண்ணே. கவிழ்த்துக்கொள்கிறீர்களா? இரட்டைப் பின்னல்.”

“போடா.”

ஹன்பேய் விளையாட்டை விட்டுவிட்டுக் கேட்டார்: “நிற்கப்போகிறீர்களா, விலகப்போகிறீர்களா?”

“நிற்கப்போகிறேன்.”

கினு தன் கோட்டில் வந்து நின்றார். தலை குனிந்தார். தோசுகேயும் குனிந்தார். வாள் உயர்ந்தது.

நிற்க வேண்டும் என்றுதான் தோசுகே நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் கால் விலகியிருந்தது. கம்பு கினுவின் கண்களுக்கு நடுவில் நின்றது.

ஊர்ப் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

“கவனக்குறைவு” என்றார் மிசவா. “இன்னொரு தடவை.”

கினு ஐந்து காலடி பின்னால் நடந்தார். அதே முகம். தலை குனிந்தார். வெட்டினார். கம்பு அதே இடத்தில் போய் நின்றது.

மிசவா விசிறியை மடக்கினார்.

“பெண்ணே, வேண்டுமென்றே தோற்கிறாயா?”

“ஆமாம், ஐயா. பதினைந்து வருடமாக.”

இப்போது சிரிப்பை யாரும் அடக்கவில்லை. சுமைக்காரர்கள் தொடையைத் தட்டினார்கள்.

“நான் விளையாட வரவில்லை. அவனை விழவை.”

“முழு வெட்டுத்தான் வெட்டுகிறேன், ஐயா. அவர் விலகுகிறார். சந்தேகமென்றால் உங்கள் வீரர் அருகில் நின்று பார்க்கட்டும்.”

சகோன் இறங்கி வந்து, மூன்று காலடி தள்ளி நின்றார். கினு மறுபடியும் வெட்டினார். காற்று கிழிந்த சத்தம் சகோனுக்கு நன்றாகக் கேட்டது. அவர் முகம் மாறியது.

“ஐயா, வெட்டு உண்மை” என்றார். “தலையில் விழுந்திருந்தால் ஆள் இல்லை.”

“அப்படியானால் அந்த வாளை நீ வாங்கு” என்றார் மிசவா.



கினு மரவாளை இரண்டு கையாலும் சகோனிடம் நீட்டினார்.

“உங்கள் கோடு அதோ இருக்கிறது. தோற்ற பிறகு ஐந்து காலடி பின்னால் போக வேண்டும்.”

“நான் தோற்கமாட்டேன்.”

“தெரியும்.”

பிறகு கினு தோசுகேயிடம் திரும்பினார்.

“இது வரிசை அல்ல. அவர் எங்கே வேண்டுமானாலும் வெட்டுவார். வேண்டாமென்றால் இப்போதே கம்பை வைத்துவிடலாம்.”

“வைத்தால் கூடம்?”

கினு முற்றத்தின் ஓரத்துக்கு விலகினார்.

தோசுகே தலையிலிருந்த துணியை அவிழ்த்துக் கீழே போட்டார். கம்பை எடுத்துக்கொண்டு கோட்டில் நின்றார்.

சகோன் எதிரே வந்தார். தலை குனியவில்லை. அதைப் பார்த்ததும் தோசுகேயின் எண்ணம் மாறியது. இவ்வளவு நாள் தோற்க நினைத்தவர், அப்போது ஜெயிக்க நினைத்தார்.

வாள் நெற்றியை நோக்கி வந்தது. தோசுகே விலகினார். ஆனால் வாள் நெற்றிக்கு வரவில்லை. பாதி வழியில் திரும்பி அவர் வலது கையில் விழுந்தது. இரண்டு விரல் உடைந்தது. கம்பு தரையில் உருண்டது. தோசுகேயும் விழுந்தார்.

ஒன்பதாயிரத்து அறுநூறு ஜெயங்களுக்குப் பிறகு, உண்மையான முதல் சண்டை அவ்வளவு நேரம்தான் நடந்தது.

“முடிந்தது” என்றார் மிசவா. “கம்பு தோற்றது. எல்லாரும் பார்த்தீர்கள். கூடம் திறந்திருக்கட்டும். சாப்பாடு கொண்டு வரச் சொல்லுங்கள்.”

வாள் செருகியவர்கள் எழுந்தார்கள். சுமைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

தோசுகே எழுந்தார். இடது கையால் கம்பைப் பொறுக்கினார். ஐந்து காலடி பின்னால் நடந்து தன் கோட்டில் போய் நின்றார். தலை குனிந்தார்.

சகோன் புரியாமல் பார்த்தார்.

“என்ன?”

“இது முதல் வரிசை, ஐயா. பன்னிரண்டு இருக்கிறது.”

“தோற்றுவிட்டாய் தோசுகே. கூடம் பிழைத்துவிட்டது. வீட்டுக்குப் போ.”

“முதலாவது தோற்றேன். இது இரண்டாவது.”

மிசவா சிரித்தார். “கேட்கிறான் அல்லவா, கொடு” என்று மறுபடியும் பாயில் உட்கார்ந்தார்.

இரண்டாவது அடி விலாவில் விழுந்தது. தோசுகே எழுந்தார். ஐந்து காலடி. கோடு. தலை குனிந்தார்.

“மூன்றாவது” என்றார்.

மூன்றாவது தொடையில். அவர் எழுந்திருக்க நேரமானது. ஆனால் எழுந்தார். கால் இழுத்தது. ஐந்து காலடிதான் நடந்தார், ஆறாக்கவில்லை.

“நாலாவது.”

மிசவாவின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. அவர் ஊரைப் பார்த்தார். ஊர் தோசுகேயைப் பார்த்துக்கொண்டிருந்தது. தரையைப் பார்த்திருந்த சுமைக்காரர்களும் நிமிர்ந்துவிட்டார்கள். கம்பு தோற்பதை ஊர் பார்க்க வேண்டும் என்றுதான் மிசவா விரும்பினார். ஊர் பார்த்தது. ஆனால் அவர் நினைத்ததுபோல் பார்க்கவில்லை.

அவர் எழுந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் பல்லக்கில் ஏறிப் போய்விட்டார். விசிறி பாயிலேயே கிடந்தது.

நிறுத்து என்று சொல்ல வேண்டியவர் போய்விட்டார். ஆகவே சகோன் நிறுத்தவில்லை. நாலாவது முதுகில்.

ஹன்பேய் கினுவின் கையைப் பிடித்தார். அப்படிப் பிடிக்கும் வழக்கம் கூடத்தில் இல்லை.

“குருவே, நிறுத்தச் சொல்லுங்கள். அண்ணன் செத்துவிடுவார்.”

“அவரைக் கேளுங்கள்.”

ஹன்பேய் கத்தினார்: “அண்ணே, போதும்! வந்துவிடுங்கள்!”

“எத்தனை ஆயிற்று?” என்று கேட்டார் தோசுகே.

“நாலு!”

“ஹன்பேய்க்கே எண்ண வருகிறது” என்று சொல்லிவிட்டுத் தோசுகே கோட்டுக்கு நடந்தார்.

கினு முற்றத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். வாள் இல்லாத இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது வெட்டு கனமாக விழுந்தது. சகோனுக்குக் கோபம் வந்திருந்தது. ஆறாவது மெலிந்திருந்தது. அது தோளை உரசிவிட்டுப் போனது. சகோன் தன் கையையே பார்த்துக்கொண்டார். வாள் பிடித்த இருபது வருடத்தில் அவர் அப்படி வெட்டியதில்லை.

“பாதையில் மண்டியிட்டவன்தானே நீ?” என்றார், மூச்சு வாங்க. “இப்போது ஏன் கீழே கிடக்க மறுக்கிறாய்?”

“பாதை உங்களுடையது, ஐயா. இந்தக் கோடு என்னுடையது. ஏழாவது.”

ஏழாவதில் தோசுகேயின் இடது தோளெலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் ஊருக்கே கேட்டது. அவர் விழுந்து கிடந்தார். ஹன்பேய் ஓடிவந்தார். தோசுகே தலையை ஆட்டி அவரை நிறுத்தினார். முதலில் முழங்காலில் எழுந்தார். பிறகு காலில். கம்பைப் பிடிக்கக் கை இல்லை. அதை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஐந்து காலடி நடந்தார். திரும்பினார். தலை குனிந்தார்.

சகோனும் குனிந்தார்.

குனிந்த பிறகுதான் குனிந்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. அப்படியே சற்று நின்றார். பிறகு நிமிர்ந்து, மரவாளை இரண்டு கையாலும் எடுத்துப்போய்க் கினுவிடம் கொடுத்தார்.

“எட்டாவதை என்னால் வெட்ட முடியாது” என்றார். “அதிகாரி கேட்டால் நான் என்ன சொல்ல?”

“கம்பு தோற்றது என்று சொல்லுங்கள். எத்தனை என்றும் சொல்லுங்கள்.”

கூடம் மூடப்படவில்லை. மூடும் உத்தரவு வரவில்லை. முற்றத்தில் சொன்னதைத் தாண்டி, மூட வேண்டாம் என்ற உத்தரவும் வரவில்லை. அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவும் யாரும் வரவில்லை.

தோசுகே நாற்பத்தொரு நாள் படுத்திருந்தார். நாற்பத்திரண்டாவது நாள் காலை, தோளில் கட்டோடு கூடத்துக்கு வந்தார். புதிதாக நான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். நால்வரும் சுமைக்காரர்கள். ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்ற வழக்கத்தை அந்த ஆண்டு கினு விட்டுவிட்டார்.

“அண்ணே, நீங்கள் இல்லாமல் எனக்கு ஜெயிக்க ஆளே இல்லை” என்றார் ஹன்பேய். “இவர்களெல்லாம் என்னையே தோற்கச் சொல்கிறார்கள்.”

தோசுகே சிரிக்கப் பார்த்தார். விலா வலித்தது. அவர் கினுவின் எதிரே மெல்ல உட்கார்ந்தார்.

“குருவே, அன்று நான் நடந்தது எப்படி?”

“ஏழில் ஐந்து தேறும்.”

“எந்த இரண்டு தவறு?”

“மூன்றாவதில் ஊரைப் பார்த்தீர்கள். ஆறாவதில் என்னைப் பார்த்தீர்கள்.”

தோசுகே ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் கேட்க வந்தது அது அல்ல. நாற்பத்தொரு நாளும் கூரையைப் பார்த்துக்கொண்டு அவர் அதையே நினைத்திருந்தார்.

“சந்தையில் அதிகாரியின் ஆள்கள் பேசிக்கொள்கிறார்களாம். கம்பைத் தோற்கச் சொன்னோம், தோற்றது என்கிறார்களாம். யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். அவர் சொன்னதுதான் நடந்தது. அதனால்தான் இந்தக் கூடம் திறந்திருக்கிறது. அப்படியானால் நாம் பணிந்துவிட்டோமா, குருவே?”

கினு புதியவர் ஒருவருக்கு எதிரே நிற்க எழுந்துகொண்டிருந்தார். மரவாளைக் கையில் எடுத்தபடியே சொன்னார்.

“அவர் கேட்டது ஒன்று. நீங்கள் கொடுத்தது ஏழு. மூன்றுக்கு மேல் அவரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.”